கப்பலில் பூஜ்ஜியம் பேர்

புவேர்த்தோ மோன்ட்டில் மழை பெய்யாத இரவுகள் என்று
இந்த ஆண்டு நான் குறித்துவைத்தவை பதினொன்று.
அந்த இரவு அதில் சேராது.
மழை, மழைக்குள் மூடுபனி,
கால்வாய் நடுவே எஞ்சின் நின்றுபோன ‘தொனீனா’.

இரண்டு பதினேழுக்குக் கடற்காவல் அறையிலிருந்து
எதெல்மிரா மன்சியா கேட்டாள்:
கப்பலில் எத்தனை பேர்?
என் அட்டவணை தயங்கவே இல்லை.
பூஜ்ஜியம் என்றது.

பிழை என்று கத்தவில்லை. சிவப்பு எழுத்து இல்லை.
கேட்ட கேள்விக்கு, கால் நொடியில், பணிவான பதில்.
ஏனென்றால் ஒன்றரைக்கே நான் வழக்கம்போல
அதைக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன்.
ஒன்பது ஆண்டுப் பயணச்சீட்டுகள்
பதினான்கு துறைகளிலிருந்து சொட்டுச் சொட்டாய் வந்து
நிரம்ப மூன்றே முக்கால் ஆகும்.
அதுவரை அந்தக் கடலில்
எவரும் எந்தக் கப்பலிலும் ஏறியதே இல்லை.

‘தெரியாது’ என்றிருந்தால் விசாரித்திருப்பாள்.
‘இல்லை’ என்றதால்
வெறும் சரக்கு ஓட்டம் என்று நினைத்து
சின்னப் படகு ஒன்றை மட்டும் அனுப்பினாள்.

எழுபத்து மூன்று பேர்.
ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. குளிர், வாந்தி,
ஒரு நாய் விடியும்வரை குரைத்ததாம்.

எதெல்மிரா திட்டவில்லை.
மாலுமி எண்ணி எழுதிய பட்டியலைக்
காலையில் என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.
நனைந்த காகிதம். ஐந்தாம் வரியில் மை கரைந்து
பெயர் இருந்த இடத்தில் ஒரு நீலக் கறை.
அந்தக் கறைக்கு இருந்த மானம்
என் அட்டவணைக்கு இல்லை.

சிலோயே தீவில் வீடு மாறுகிறவர்கள்
வீட்டையே கொண்டுபோவார்கள்.
அடியில் உருளைக் கட்டை, முன்னால் எருதுகள்,
கயிற்றில் ஊர் முழுக்க. சிலசமயம் கடல்மேலும் இழுப்பார்கள்.
அப்படிப் போன ஒரு வீட்டின் புகைபோக்கியில்
புகை வந்துகொண்டிருந்ததாம்.
இரவுப்பணித் தோழன் நொல்பெர்த்தோ ஓயார்சோ சொன்னான்:
‘நீ இருந்த இடத்திலேயே இருக்கிறாய்,
தினமும் அடுப்பை மட்டும் அணைக்கிறாய்.’

பக்கத்திலேயே இன்னொன்று கட்டினேன்,
யாரும் கேள்வி கேட்க வராத இரட்டை.
புதிய வரிகள் எல்லாம் அங்கே போகட்டும்.
பழையது கதவைத் திறந்து வைத்துக்
கேட்பவர்க்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்.
நிரம்பியதும், எண்ணிச் சரிபார்த்ததும்,
பெயர்ப்பலகைகளை மாற்றி மாட்டுவேன்.
அவ்வளவுதான். இமைப்பொழுதுகூட நீளம்.

முதல் இரவே நடக்கவில்லை.
காஸ்த்ரோ கிளையில் யாரோ
ஒரு நீண்ட அறிக்கையைப் பாதியில் திறந்துவைத்து
மாத்தே குடிக்கப் போய்விட்டார்.
அவர் விரல் வைத்த பக்கத்தை நான் மூட முடியாது.
நான் காத்திருக்க, என் பின்னால்
பதினான்கு துறைகளும் வரிசையில் நின்றன.
நாற்பது நொடி. பூஜ்ஜியம் இல்லை, மௌனம்.
மறுநாள் ஒரு வரி சேர்த்தேன்:
மூன்று நொடி பார், வழி இல்லையென்றால்
ஒதுங்கிக்கொள், பிறகு வா.
‘இதை உன் மைத்துனனுக்கும் சொல்லிக்கொடு’ என்றான் நொல்பெர்த்தோ.

பிறகு எதெல்மிரா கேட்டாள்:
‘ஒன்று நாற்பதுக்கு ஏறியவன் எங்கே?’
பழையதில் இல்லை அவன்.
புதியது இன்னும் வாசலுக்கு வரவில்லை.
இதற்கு என்னிடம் மருந்து இல்லை.
எண்ணுக்குக் கீழே சின்ன எழுத்தில்
‘ஒன்று இருபத்தொன்பது மணி நிலவரம்’ என்று
வயதைச் சொல்லவைத்தேன்.
அதைப் பார்த்ததும் அவள் துறைக்குப் போன் போடுகிறாள்,
விட்டுப்போனவர்களைப் பென்சிலால் கூட்டிக்கொள்கிறாள்.

இன்று மூன்று நாற்பத்தாறுக்குப் பலகைகள் மாறின.
யாரும் கவனிக்கவில்லை.
பழையதை உடனே அழிப்பதில்லை நான்,
ஒரு பகல் பின்கட்டில் கிடக்கட்டும்.
மழை.
தொனீனாவில் இருபத்தாறு பேர்.
நாய்களுக்கு இன்னும் இடம் ஒதுக்கவில்லை.